விரதக் காலத்து ரப்பர் பூட்ஸ்

போன மாதம் பழைய துறைமுகத் தொழிலாளர்களுக்கு ஒரு மதிய விருந்து வைத்தார்கள். இப்போது வேலையில் இருக்கும் முக்குளிப்பாளர்கள் சிலரும் வந்திருந்தார்கள். என் மேசையில் இருந்த இரண்டு பேர், சாப்பாடு வரும்வரை பொழுது போகவேண்டுமே என்று ஒரு சண்டையை ஆரம்பித்தார்கள். அவர்களுக்குப் புதிதாக ஜிப் வைத்த ரப்பர் பூட்ஸ் கொடுத்திருக்கிறார்களாம். ரப்பர் சூட்டின் கால் நுனியைப் பூட்ஸுக்குள் திணிக்க வேண்டுமா, பூட்ஸுக்கு மேலே இழுத்துவிட வேண்டுமா என்பதுதான் வழக்கு.

"உள்ள விட்டு ஜிப் போட்டாத்தான் டைட்டா நிக்கும் லா," என்றான் ஒருவன்.

"உனக்கு நிக்கும். எனக்குக் கணுக்கால்ல கடிக்குது," என்றான் மற்றவன். பிறகு என் பக்கம் திரும்பி, "அங்கிள், உங்க டைம்ல எப்படிப் போட்டீங்க?" என்று கேட்டான்.

"பூட்ஸ் உள்ளே, சூட் வெளியே," என்றேன். ஏன் என்று கேட்டார்கள். கேட்டால் சொல்லத்தானே வேண்டும்? ஆரம்பித்தேன். சவுத் பிரிட்ஜ் ரோட்டு மாரியம்மன் கோயில் பூக்குழி வரைக்கும் வந்தபோது, ரப்பர் பூட்ஸுக்கும் பூக்குழிக்கும் என்ன சம்பந்தம் என்று இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவருக்கு வயதாகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அதற்குள் கோழிக் குழம்பு வந்துவிட்டது. கோழியோடு போட்டி போட எனக்குத் தெம்பில்லை. அதனால் மீதியை இங்கே எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் நான் துறைமுகத்தில் காற்றுப் பம்பு சுற்றும் ஆளாகச் சேர்ந்தேன். அப்போது முக்குளிப்பு என்றால் செம்புக் குடத்தைத் தலையில் கவிழ்த்து, கித்தான் உடுப்பு மாட்டி, ஈயம் வைத்த பூட்ஸோடு இறங்குவதுதான். உடுப்பு மாட்டியவரை இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்து, மாப்பிள்ளையை அழைத்துப் போவதுபோல ஏணிக்கு நடத்திச் செல்வார்கள். பம்பு சுற்றினேன், பிறகு கயிறு பிடித்தேன், பிறகு நானே குடத்தை மாட்டிக்கொண்டு இறங்கினேன். முதுகு வலித்தது, பழகிவிட்டது. அந்தக் காலத்தைப் பற்றி அதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது எங்கள் மேலாளர் மொன்டேரோவைப் பற்றி. யுரேஷியர், வெள்ளைக்காரரும் நம் பக்கத்தவரும் கலந்த வம்சம். ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பார், எண்ணெய் மிதக்கும் படகிலும் அது வெள்ளையாகவே இருக்கும். எங்களோடு பசார் மலாய் என்கிற சந்தை மலாயில்தான் பேச்சு. நாங்கள் அவரைத் துவான் என்போம், ஐயா என்கிற மாதிரி. அவர் கத்தி நான் கேட்டதில்லை. கோபம் ஏற ஏறப் பேச்சு மெதுவாகும். "பெலான்-பெலான்," என்பார். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். அதை அவர் மிக மெதுவாகச் சொன்னால் யாரோ தொலைந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

இறங்குவதற்கு முன் ஆளைச் சோதிப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. மற்ற மேலாளர்கள் தலையில் ஆரம்பிப்பார்கள். இவர் காலில் ஆரம்பிப்பார். செருப்புக் கடைக்காரர்போல நம் முன்னால் குந்தி உட்கார்ந்து, முதலில் கால்விரல் நுனியை அமுக்குவார். பிறகு குதிகால். பிறகு கணுக்காலைச் சுற்றி ஒரு விரலை ஓட்டுவார். முழங்காலை மடக்கச் சொல்வார், உட்காரச் சொல்வார், எழச் சொல்வார். எல்லாம் முடிந்ததும் நிமிர்ந்து பார்த்து, "எங்கே கடிக்கிறது?" என்று கேட்பார். எங்கும் கடிக்கவில்லை என்று சொன்னால் நம்பவே மாட்டார். "எங்காவது கடிக்கும். யோசித்துச் சொல்," என்று அங்கேயே குந்தியிருப்பார். கண் தெரியாத சேற்றில் வேலை செய்கிறவன் காலில் ஒரு சின்னக் கடி இருந்தால், அவன் புத்தி முழுக்க அங்கேதான் இருக்கும், கையில் இருக்காது என்பது அவர் கட்சி. முதலில் இந்த மனிதர் நம்மைப் படுத்துகிறாரே என்று எரிச்சல்பட்டேன். போகப் போக, அவர் கேட்காமல் இறங்கினால் எனக்கு ஏதோ குறைந்த மாதிரி இருந்தது.

அறுபதுகளில் ஒரு நாள் பெட்டியில் கறுப்பு ரப்பர் சூட்டுகள் வந்து இறங்கின. சட்டை தனி, கால்சட்டை தனி, குட்டைப் பூட்ஸ் தனி. முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் ஈயப் பட்டையோடு, குடம் இல்லாமல் மீன்போலப் போகலாம் என்றார்கள். நம் கடல் குளிர்ந்த கடல் இல்லைதான். ஆனால் துறைமேடைத் தூண்களில் ஒட்டியிருக்கும் சிப்பி, கத்தியைவிடக் கூர்மை. ரப்பர் இருந்தால் தோல் பிழைக்கும்.

முதல் நாள் அந்தச் சூட்டுக்குள் நுழைவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. உள்பக்கம் வெறும் ரப்பர். வியர்வை பட்டால் ஒட்டிக்கொண்டு நகராது. பவுடர் போட்டுப் பார்த்தோம், கட்டி கட்டியாக உருண்டது. சோப்புத் தண்ணீர் எரிந்தது. எங்கள் ஆட்களில் ஒருவன் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வழுக்கிப் போய் நுழைந்தான். ஆனால் எண்ணெய் பட்ட இடத்தில் ரப்பர் ஊறி, ஒட்டு விட்டுக்கொண்டு, அந்தச் சூட் நாசமாயிற்று. கடைசியில் என் மனைவி பட்டம்மாள் கொடுத்தனுப்பிய வடிகஞ்சித் தண்ணீர்தான் காப்பாற்றியது. காலில் ஊற்றி இழுத்தால் வழுக்கிக்கொண்டு ஏறும். என்ன, தண்ணீருக்குள் போனதும் குஞ்சு மீன்கள் என்னைச் சுற்றிக் கூடிவிடும்.

"உன்னைச் சுத்தி மீனெல்லாம் பந்தியில உக்காந்திருக்கு தம்பி. எலை போட்டுறவா?" என்பார் காசிம் பாய். அவர் என் ஜோடி. கீழக்கரைப் பக்கத்துக்காரர், என்னைவிட மூத்தவர். அவர் பாட்டனார் சங்கு குளித்தவராம். அதை வாரம் ஒருமுறையாவது சொல்லாமல் இருக்கமாட்டார்.

சூட்டைச் சமாளித்தோம். பூட்ஸைச் சமாளிக்க முடியவில்லை. போலீஸ்காரர்கள்போலக் கால்சட்டையைப் பூட்ஸுக்குள் திணித்துப் போட்டோம். பூட்ஸின் வாய் திறந்திருக்கும். நடந்தால் சேறும் சிப்பித் துண்டும் அள்ளிக்கொண்டு உள்ளே வரும். அதைவிட, பூட்ஸ் வெள்ளைக்காரர் காலுக்குச் செய்தது, நுனி குறுகல். சின்ன வயதிலிருந்து வெறுங்காலில் நடந்த எங்கள் விரல்கள் விசிறிபோல விரிந்திருக்கும். ஐந்து பேர் உட்காரும் பெஞ்சில் எட்டுப் பேரை அமுக்கினால் எப்படி இருக்கும்? மொன்டேரோ எங்கள் கால்களைப் பழுப்புக் காகிதத்தில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டார். உபரி ரப்பர் தகட்டை வெட்டி, பூட்ஸ் நுனியைப் பிரித்து, அகலப்படுத்தி ஒட்டிக் கொடுத்தார். விரல்கள் மூச்சுவிட்டன. ஆனால் சேறு வருவது நிற்கவில்லை.

அவருக்கு இதில் ஒரு பிடிவாதம் இருந்தது. குடம் மாட்டிய பழைய ஆட்கள் இந்தப் புது முறைக்குச் சரிவரமாட்டார்கள், வெளியிலிருந்து ஆள் கொண்டுவரலாம் என்று மேலிடத்தில் பேச்சு. அவர் என்னையும் காசிம் பாயையும் காட்டி, "இவர்கள் செய்வார்கள்," என்று வாக்குக் கொடுத்துவிட்டார். முதல் பெரிய வேலை எது வந்தாலும் எங்களுக்குத்தான் என்று ஏற்பாடு.

அந்த நேரம் பார்த்துத்தான் நான் காப்புக் கட்டினேன்.

என் மகள் செல்விக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் வந்து, வலது கால் சூம்பிவிட்டது. பெரியாஸ்பத்திரியில் இரும்புக் கம்பி வைத்த பூட்ஸ் ஒன்றைப் போட்டுவிட்டார்கள். தொடைவரை கம்பி, நடுநடுவே தோல் வார். போட்டு நடக்கப் பழக்குங்கள் என்றார்கள். அவள் நிற்கவே மாட்டேன் என்று அழுதாள். அவள் நாலு அடி எடுத்து வைத்தால் நான் பூக்குழி இறங்குகிறேன் என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொண்டபோது எனக்கு நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால் தெரியாது. பயம் இருந்தது. ஒரு நாள் கெர்பாவ் ரோட்டில் எங்கள் மாடி அறையில் சுவரைப் பிடித்தபடி அவள் ஜன்னல்வரை போனாள். பட்டம்மாள் சமையலை விட்டுவிட்டு ஓடிவந்து, சத்தம் போட்டால் விழுந்துவிடுவாளோ என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தீமிதி வரப்போகிறது என்றதும் மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டேன். கவிச்சி இல்லை, பாயில் படுக்கை இல்லை, காலில் செருப்பு இல்லை. துறைமுகத்துக்கும் வெறுங்காலோடுதான் போனேன்.

மொன்டேரோ என் முன்னால் குந்தி, பூட்ஸை நீட்டினார். காலை இழுத்துக்கொண்டேன்.

"சாமி கும்பிட்டிருக்கேன் துவான். பூக்குழி இறங்குற வரைக்கும் கால்ல எதுவும் போடமாட்டேன்."

"சிப்பி உன் காலை அறுத்துப் போட்டால் எந்தக் காலை வைத்து இறங்குவாய்?" என்று கேட்டார்.

"அது அம்மன் பாடு."

அவர் பூட்ஸைக் கீழே வைத்தார். பிறகு, "பெலான்... பெலான்," என்றார். அவ்வளவு மெதுவாக அதை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. "பூட்ஸ் இல்லாதவன் என் படகிலிருந்து இறங்கமாட்டான்." எனக்கும் கோபம் வந்துவிட்டது. அப்படியானால் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, காற்று உருளையை டங்கென்று வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். என் முன்கோபம் துறைமுகம் பூராவும் பிரசித்தம்.

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு பஞ்சாயத்து. செல்வி இரும்புப் பூட்ஸைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"காலையிலேருந்து போடமாட்டேங்கிறா," என்றாள் பட்டம்மாள். "கேட்டா என்ன சொல்றா தெரியுமா? நீயே சொல்லு அப்பாகிட்ட."

"அப்பா போடலல்ல? நானும் சாமி கும்பிட்டிருக்கேன்," என்றாள் செல்வி.

எதற்காகக் காப்புக் கட்டினேனோ, அதுவே கவிழ்ந்து கிடக்கிறது. அவளை அடித்து மாட்டிவிடவும் மனம் வரவில்லை. இரண்டு நாள் அவள் தவழ்ந்தாள். ஜன்னல்வரை நடந்தவள் மறுபடி தவழ்வதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

மூன்றாம் நாள் மாடிப்படியில் காலடி கேட்டது. மொன்டேரோ வந்திருந்தார், பின்னால் சூட்டும் பூட்ஸும் மூட்டையாகக் கட்டி எடுத்துக்கொண்டு காசிம் பாய். மொன்டேரோ வாசலில் ஷூவைக் கழற்றி, ஜோடியாகச் சேர்த்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். மனைவி காப்பி கொடுத்தாள். அவளுக்கும் சந்தை மலாய் நன்றாகவே வரும்.

"அக்கா, உங்கள் புருஷன் பெரிய பிடிவாதக்காரர்," என்றார் அவர், பிடிவாதக்காரர் என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழில் சரியாகச் சொல்லி.

"அது எனக்கு எப்பவோ தெரியும் துவான். அந்தப் பூட்ஸைக் காட்டுங்க."

மூட்டையை அவிழ்த்தார்கள். பட்டம்மாள் பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். "தோல் இல்லையே?" என்றாள். இல்லை, முழுக்க ரப்பர் என்றார் காசிம் பாய். பிறகு கால்சட்டையை எடுத்து அதன் கால் நுனியில் பூட்ஸை வைத்துப் பார்த்தாள்.

"இதை இதோட ஒட்ட முடியுமா?"

"முடியும்," என்றார் மொன்டேரோ. "எதற்கு?"

"வாசல்ல கழட்டி விடுறதுதான் செருப்பு. கால்சட்டையோட ஒட்டியிருந்தா அதைத் தனியாக் கழட்ட முடியாது. அப்ப அது துணி."

நான் வாயைத் திறந்தேன். "நீங்க சும்மா இருங்க," என்றாள். "காப்புக் கட்டிவிட்ட பெரியவர்கிட்ட நாளைக்கு நான் கேட்டுட்டு வர்றேன். நெனைப்பு சுத்தமா இருந்தா அம்மா கோவிச்சுக்கமாட்டா." பிறகு தமிழில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "அம்மனுக்கு அது துணி. உங்க மகளுக்கு அது பூட்ஸ். புரியுதா?"

புரிந்தது. கோயில் பெரியவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டாராம். மொன்டேரோ ரப்பர் பசை கொண்டுவந்து, பூட்ஸின் வாயையும் கால்சட்டை நுனியையும் சுற்றிவர ஒட்டினார். காய்ந்ததும் வீட்டிலேயே செல்வி பார்க்கப் போட்டுக்கொண்டு அறைக்குள் நடந்தேன். வடிகஞ்சி சொட்டச் சொட்ட, கன்னங்கரேலென்று நடந்த என்னைப் பார்த்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு தவழ்ந்து போய், மூலையில் கிடந்த இரும்புப் பூட்ஸை இழுத்துக்கொண்டு வந்து அவள் அம்மாவிடம் நீட்டினாள்.

அந்த வாரமே பெரிய வேலை வந்தது. புறப்பட வேண்டிய கப்பல் ஒன்றின் அடியில் சுழலும் விசிறியில் தடித்த கயிறு சுற்றிக்கொண்டது. நானும் காசிம் பாயும் இறங்கினோம். ஒட்டிய பூட்ஸ் சுகமோ சுகம். சேறு ஒரு துளி உள்ளே வரவில்லை. சிப்பி ஒட்டிய தூண்களில் காலை உதைத்து நின்றுகொண்டு மாறி மாறி அறுத்தோம். கடைசிச் சுற்று அறுந்து விழுந்தபோது காசிம் பாய் தண்ணீருக்குள்ளேயே கைகளை விரித்து ஆடிக் காட்டினார்.

ஏணியில் ஏறும்போதுதான் வந்தது வினை. தண்ணீருக்குள் இருக்கும்வரை தெரியாது. கழுத்து வழியாகவும் இடுப்பு வழியாகவும் சூட்டுக்குள் புகுந்த தண்ணீர், உடம்பு மேலே வர வர, எல்லாம் காலுக்கு இறங்கியது. முன்பு கால் நுனி வழியாக வழிந்து போய்விடும். இப்போது போக வழியில்லை. இரண்டு காலும் யானைக்கால்போல வீங்கின. காலை அடுத்த படிக்குத் தூக்க முடியவில்லை. முதுகில் உருளை, இடுப்பில் ஈயம், காலில் இரண்டு குடம் தண்ணீர். அடியில் நீரோட்டம் மேடைத் தூண்களுக்கு நடுவே இழுத்தது. விழுந்தால் அந்தச் சிப்பிகளில்தான் மோத வேண்டும். காசிம் பாய் கீழேயிருந்து தோளைக் கொடுத்து என்னைத் தாங்கினார். விரல்கள் மரத்துப் போயின. செல்வி முகம் வந்தது. உண்மையிலேயே பயந்துவிட்டேன்.

மொன்டேரோ கத்தவில்லை. அந்த வெள்ளைச் சட்டையோடு ஏணியில் இறங்கி, ஒரு கையால் என் உருளை வாரைப் பிடித்துக்கொண்டார். மறு கையில் கத்தி. என் கணுக்காலுக்குக் குனிந்தார்.

"வெட்டாதீங்க துவான்!" என்று அலறினேன். "வெட்டினா செருப்பாயிடும்!"

உயிர் போகிற நேரத்தில் இப்படி ஒரு மனிதன் கத்தினால் வேறு யாராக இருந்தாலும் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பார்கள். அவர் கத்தியை நிறுத்தி, என் காலைப் பார்த்தார். கல்யாண வீட்டில் பலாப்பழம் வெட்ட இடம் பார்க்கிறவர்போல நிதானமாகப் பார்த்தார்.

"பெலான்-பெலான், முத்து. முன்பக்கம் அப்படியே இருக்கட்டும். பின்னால் மட்டும் கொஞ்சம்."

குதிகாலுக்கு மேலே ஒட்டைக் கீறினார். தண்ணீர் பீய்ச்சியடித்துக் காசிம் பாய் முகத்தில் பட்டது. மறுகாலிலும் கீறினார். கால் லேசானது. ஏறிவிட்டேன். மேலே வந்து மல்லாந்து கிடந்த என்னைப் பார்த்து, "எனக்கு மொகம் கழுவிவிட்டதுக்குத் துவானுக்குச் சலாம் சொல்லுங்க," என்றார் காசிம் பாய். மூன்று பேரும் சிரித்தோம்.

கப்பல் நேரத்துக்குப் போயிற்று. மேலிடத்தில் அதற்குப் பிறகு வெளியாள் பேச்சு எழவில்லை.

மறுநாள் மொன்டேரோ அந்தச் சூட்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சுற்றியிருந்த ஒட்டை எல்லாம் பிரித்தார். கால்சட்டையின் நுனியை ஒரு சாண் நீட்டி, வேட்டி பாதத்தின்மேல் விழுவதுபோலப் பூட்ஸுக்கு வெளியே விழவிட்டார். சேறு இப்போது பூட்ஸின் வாய்க்குள் வர முடியாது. மேலிருந்து வரும் தண்ணீர் அந்த நுனி வழியாக வழிந்துவிடும். பூட்ஸையும் கால்சட்டையையும் சேர்க்க, உள்ளே முன்பக்கம் மட்டும் ஒரு ரப்பர் பட்டை. வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பட்டம்மாளிடம் காட்டினேன். பட்டையை இழுத்துப் பார்த்தாள். "ஒட்டித்தானே இருக்கு? துணிதான்," என்றாள்.

அதைவிடச் சௌகரியமான உடுப்பை நான் அதற்கு முன்னால் போட்டதில்லை. ஒரே ஒரு குறை. அந்தப் பட்டையின் விளிம்பு என் புறங்காலில் கடித்தது. தினமும் மொன்டேரோ குந்தி உட்கார்ந்து கேட்பார், எங்கே கடிக்கிறது என்று. எங்கும் இல்லை என்பேன். சொன்னால் பட்டையை வெட்டிவிடுவாரே! அவர் நம்பவில்லை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

தீமிதி நெருங்க நெருங்க வேறு கவலை பிடித்தது. ஒரு நாள் நான் பூட்ஸோடு சூட்டைக் கழற்றியதும் காசிம் பாய் என் பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். பெருவிரலால் உள்ளங்காலைத் தடவினார்.

"என்ன பாய்?"

"தம்பி, உன் கூட்டாளிங்க எல்லாம் வெறுங்கால்ல ரோட்டுல நடந்து நடந்து காலைத் தோலாக்கி வெச்சிருக்காங்க. நீ பகல் முழுக்கத் தண்ணியில ஊற வெச்சிருக்க. இது பச்சைப் புள்ள காலு. இதோடயா நெருப்புல எறங்கப் போற?"

பார்த்தேன். வெள்ளையாக, சுருக்கம் விழுந்து, விரலால் அமுக்கினால் பதிந்தது. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. பட்டம்மாளிடம் காட்டினேன். அவள் முகமும் வெளுத்துவிட்டது. ஆனாலும், "துணின்னு சொன்னது நான். ஏதாவது ஆச்சுன்னா என்னைக் கேக்கட்டும் அந்த அம்மா," என்றாள். அவள் அப்படித்தான்.

தீமிதி அன்று சிராங்கூன் ரோட்டிலிருந்து மஞ்சள் வேட்டியோடு, கையில் வேப்பிலையோடு நடந்தோம். சவுத் பிரிட்ஜ் ரோடு சேர்வதற்குள் தார் என் பாதத்தைப் பதம் பார்த்துவிட்டது. பூக்குழியின் சூடு எட்டத்திலேயே முகத்தில் அடித்தது. எனக்கு முன்னால் ஒருவர் இறங்கினார். அடுத்து நான். செல்வி ஜன்னல்வரை நடந்ததை மட்டும் நினைத்துக்கொண்டேன். அப்புறம் எனக்குத் தெரிந்தது பால் குழியின் குளிர்ச்சிதான்.

கூட்டத்தைத் தாண்டிக் கோயில் வாசலுக்கு வந்தேன். பட்டம்மாள் செல்வியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கோயிலுக்குள் போக இரும்புப் பூட்ஸைக் கழற்றியாக வேண்டுமே. வாசலில் மலைபோலக் குவிந்திருந்த செருப்புகளுக்குப் பக்கத்தில் மொன்டேரோ நின்றார். வெள்ளைச் சட்டை, வெறுங்கால். அவருடைய ஷூ எங்கோ அந்தக் குவியலில் கிடந்தது. செல்வியின் இரும்புப் பூட்ஸை மட்டும் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தார்.

என்னைக் கண்டதும் அந்த நடைபாதையிலேயே குந்தி உட்கார்ந்தார். கால்விரல் நுனி. குதிகால். உள்ளங்காலைத் திருப்பினார். சாம்பலும் பாலும் ஒட்டியிருந்தன. துடைத்துப் பார்த்தார். ஒரு கொப்புளம் இல்லை. பிறகு பாதத்தின் மேல்பக்கம் விரலை ஓட்டியவர், ஓர் இடத்தில் நிறுத்தினார். அங்கே இருந்தது ஒன்று, நன்றாகப் பழுத்து.

"எங்கே கடிக்கிறது?" என்று நிமிர்ந்து பார்த்தார்.

"நெருப்பு கடிக்கல துவான்," என்றேன். "உங்க பட்டைதான்."

பட்டம்மாள் சிரித்துவிட்டாள். அவளுக்குக் கண்ணீரும் வந்தது. எனக்கும்தான். மொன்டேரோ சிரிக்கவில்லை. அவர் வேலையில் இருந்தார். செல்வியை இறக்கிவிடச் சொல்லி, அவள் காலில் இரும்புப் பூட்ஸை மாட்டினார். விரல் நுனியை அமுக்கினார். குதிகால். தோல் வார் ஒவ்வொன்றின் உள்ளேயும் விரலை ஓட்டினார். எனக்குச் செய்கிற அத்தனையையும் அவளுக்கும் செய்துவிட்டு, அதே குரலில் கேட்டார்:

"எங்கே கடிக்கிறது?"

நிற்கிறாளா, நடக்கிறாளா என்று உலகமே அவளைக் கேட்டிருக்கிறது. இதை அவளிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். செல்வி எங்களைப் பார்த்தாள். பிறகு குனிந்து, முழங்காலுக்குக் கீழே ஒரு வாரைத் தொட்டாள். கணுக்காலில் ஓர் இடத்தைத் தொட்டாள். "இங்க. அப்புறம் இங்க. இங்கயும்," என்றாள்.

அவர் பூட்ஸைக் கழற்றித் தன்னோடு எடுத்துப் போனார். என் சூட்டுக் காலை நீட்டியபோது மிஞ்சிய மெத்தென்ற ரப்பரை வெட்டி, அவள் தொட்ட இடங்களில் எல்லாம் உள்ளே ஒட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். எனக்குக் காப்பு அவிழ்த்தாயிற்று என்பதால் பட்டையையும் வெட்டி எறிந்தார். அதற்கப்புறம் நான் ஓய்வு பெறும்வரை பூட்ஸ் உள்ளே, சூட் வெளியேதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செல்வி அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தேக்கா சந்தைவரை நடந்தாள். நான் காய்கறிப் பையோடு பின்னால் போனேன். திரும்பி வரும்போது, எப்போது "அப்பா தூக்கு" என்பாளோ என்று பையை ஒரு கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தேன். வீடு வந்துவிட்டது, அவள் கேட்கவில்லை.